ஹாலந்து ஓவியங்களைப் பார்க்க ஒரு வாரம்: ஆம்ஸ்டர்டாமிலேயே இருப்பதா, சின்ன ஊர்களுக்குப் போவதா?

வெண்ணிலா_கொலோன்

வணக்கம். இலையுதிர்கால விடுமுறையில் நெதர்லாந்து போகலாம் என்று இருக்கிறோம். கொலோனிலிருந்து ரயிலில் நான், கணவர், பதினொரு வயது மகள். ஒரு வாரம் போலக் கிடைக்கும். காற்றாலை, துலிப் எல்லாம் ஏற்கெனவே ஆயிற்று. இந்த முறை ஓவியங்களுக்காகவே போகிறோம். எனக்கும் மகளுக்கும் ஓவியம், கணவருக்குக் காபி என்று சொல்வதுதான் சரி. அவர் கட்டுமானப் பொறியாளர். இரண்டாவது மியூசியத்திலேயே உட்கார பெஞ்ச் தேடுவார்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரே இடத்தில் தங்கி ரைக்ஸ்மியூசியம், வான்கோ மியூசியம் இரண்டையும் நிதானமாகப் பார்ப்பது நல்லதா? இல்லை, ஹார்லெம், லெய்டன், டெல்ஃப்ட் என்று ஊர் ஊராகப் போவதா? ரெம்ப்ராண்ட், வெர்மீர், வான்கோ பெயர்கள் தெரியும். அதற்கு மேல் எங்களைப் புதியவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை

முதலில் காசு. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி போடுகிறார்கள். மூன்று பேர் ஒரு வாரம் தங்கினால் அந்த வரியிலேயே பல மியூசியம் பார்த்துவிடலாம். மகளுக்கு டிக்கெட் கவலை வேண்டாம். ரைக்ஸ்மியூசியம், வான்கோ மியூசியம், ஹேக்கில் இருக்கும் மௌரிட்ஸ்ஹவுஸ் மூன்றிலும் 18 வயதுக்குக் கீழே இலவசம். ஆனால் இலவச டிக்கெட்டுக்கும் நேரம் பதிவு செய்ய வேண்டும். வான்கோ மியூசியத்துக்கு வாசலில் போய் நின்று டிக்கெட் கேட்டால் கிடைக்காது. எல்லாம் முன்கூட்டியே இணையத்தில்தான்.

கால்வாய்க்கரை

வெண்ணிலா, நான் ஹார்லெம் பக்கம் குடியிருப்பவன். அதனால் ஒருதலையாகத்தான் பேசுவேன்: ஹார்லெமில் தங்குங்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். லெய்டனும் ஹேக்கும் எதிர்ப்பக்கம், அவையும் தூரமில்லை. வங்கி அட்டையையே ரயில் நிலையத்தில் தட்டி ஏறலாம், இறங்கும்போது மறக்காமல் திரும்பத் தட்டுங்கள்.

ஏன் ஊர் ஊராகப் போகச் சொல்கிறேன் என்றால், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம் ஊர் ஊராகத்தான் வளர்ந்தது. பிரான்ஸ், ஸ்பெயின் போல ஓவியனுக்குப் படியளக்கும் பெரிய அரசவை இங்கே இல்லை. 1566இல் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள். அப்புறம் கால்வினிய (புராட்டஸ்டன்ட்) சபை வந்ததும் தேவாலயத்துக்குப் படம் வரையும் பிழைப்பே படுத்துவிட்டது. மிச்சம் இருந்த வாடிக்கையாளர்கள் துணி வியாபாரி, மது வடிப்பவர், ரொட்டிக்கடைக்காரர். அவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்கு வாங்கினார்கள். அதனால்தான் பல படங்கள் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவில் இருக்கின்றன. புனிதர்களுக்குப் பதில் பால் ஊற்றும் பெண், உறைந்த கால்வாய், பாலாடைக்கட்டித் தட்டு. ஒவ்வொரு ஊரிலும் ஓவியர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது, லூக்காவின் பெயரில். வெளியூர்க்காரர் வந்து இஷ்டத்துக்குக் கடை விரிக்க விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைவாகு உண்டாகிவிட்டது. ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹால்ஸின் வேகமான தூரிகை. லெய்டனில் ஹெரிட் டவ் போன்றவர்களின் நுணுக்க வேலை. டெல்ஃப்டில் வெளிச்சம்.

ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹால்ஸ் மியூசியம் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் முதியவர்களுக்கான இல்லம். அந்த இல்லத்தின் நிர்வாகிகளை 1664 வாக்கில் ஹால்ஸ் இரண்டு படங்களாக வரைந்தார், ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். நகரசபை கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு படங்களும் இன்று அதே கட்டடத்தில் மாட்டியிருக்கின்றன. கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, வயதான கைகள், அவ்வளவுதான் படம். அந்தக் கறுப்பிலேயே எத்தனை கறுப்பு என்று வான்கோ பின்னால் வியந்து எழுதியிருக்கிறார்.

தூரிகை

கால்வாய்க்கரை சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் மாற்றுக் கருத்து சொல்லியாக வேண்டும்.

வெண்ணிலா, நீங்கள் வெர்மீரைப் பார்க்க டெல்ஃப்ட் போனால் அங்கே ஒரு வெர்மீர்கூட இல்லை. பிறந்து, வளர்ந்து, 1675இல் இறந்த ஊர். உலகம் முழுவதும் அவர் பெயரில் ஒப்புக்கொள்ளப்பட்டவை சுமார் 37 படங்கள்தான், அதில் ஒன்றும் சொந்த ஊரில் கிடையாது. வெர்மீர் பெயரில் ஒரு மையம் உண்டு, அங்கே இருப்பவை எல்லாம் நகல்கள். ஊரைச் சுற்றிவந்து நீலப் பீங்கான் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

அந்த நேரத்தை ரைக்ஸ்மியூசியத்தில் செலவழியுங்கள். ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் ஓடி முடிக்காதீர்கள். இரண்டு காலைகள் போங்கள். முதல் நாள் மேல்மாடி நடுக்கூடம் மட்டும், அதாவது ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' தொங்கும் கோடி வரை. ஏழெட்டுப் படம் போதும். வெர்மீரின் பால் ஊற்றும் பெண் படம் அரை மீட்டர் உயரம்கூட இல்லை. ரொட்டியின் மேல் வெளிச்சப் புள்ளிகளைத் தனித்தனியாக வைத்திருப்பார். பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள்: ஒரு ஆணி, ஒரு ஆணி ஓட்டை, கறை. 2022இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது அந்தச் சுவரில் முதலில் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை வரைய ஆரம்பித்து, அப்புறம் அவரே மூடிவிட்டது தெரிந்தது. எதை எடுத்தார் என்று தெரிந்த பிறகு பார்த்தால் அந்தச் சுவர் வேறு மாதிரித் தெரியும். இதற்கு டெல்ஃப்டில் கால்வாய் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரெம்ப்ராண்டின் 'யூத மணப்பெண்' முன்னால் உட்காருங்கள். 1885இல் மியூசியம் புதிதாகத் திறந்தபோது வான்கோ அதன் முன்னாலேயே இருந்துவிட்டாராம். காய்ந்த ரொட்டித் துண்டோடு இரண்டு வாரம் இதன் எதிரில் உட்கார விட்டால் வாழ்நாளில் பத்து வருடத்தைத் தந்துவிடுவேன் என்றாராம். கூடப் போன நண்பர் எழுதி வைத்திருக்கிறார். மணமகன் சட்டைக் கையின் மஞ்சளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், சாயம் மேடு மேடாக நிற்கும். அச்சுப் படத்தில் இது வரவே வராது.

வெண்ணிலா_கொலோன்

தூரிகை சார், இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் இப்போது குழப்பம் கூடிவிட்டது :) 'இரவுக் காவல்' இப்போது கண்ணாடி அறைக்குள் இருக்கிறது, சரியாகத் தெரியாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

தூரிகை

கண்ணாடி அறை உண்மை. 2019இல் ஆய்வு ஆரம்பித்தார்கள், 2024 நவம்பரில் பழைய வார்னிஷை எடுக்கும் வேலை தொடங்கியது. பொதுமக்கள் பார்க்கப் பார்க்கவே வேலை நடக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போகும்போது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று மியூசியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் நாளாக இருந்தால் மகளுக்கு அதுவே பெரிய பாடம்.

அது இரவுக் காட்சியே இல்லை என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். வார்னிஷ் கறுத்துக் கறுத்து அப்படி ஆகிவிட்டது. 1642இல் வரைந்த படம். 1715இல் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது சுவரில் இடம் பற்றவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள், இடப்பக்கம் மட்டும் ஏறக்குறைய 60 செ.மீ. வெட்டிய துண்டுகள் போனவை போனவைதான். நல்லவேளை, அதற்கு முன்பே ஹெரிட் லுண்டன்ஸ் என்பவர் சின்ன அளவில் நகல் எடுத்திருந்தார். அதை வைத்து 2021இல் கணினி மூலம் விட்டுப்போன பகுதிகளை உருவாக்கிக் கொஞ்ச காலம் பக்கத்தில் பொருத்திக் காட்டினார்கள். வெட்டுவதற்கு முன் நகரக் காவல்படையின் கேப்டனும் துணைவரும் படத்தின் நடுவில் இல்லை, சற்று வலப்பக்கம் தள்ளி இருக்கிறார்கள். கூட்டம் முன்னால் நகர்கிற உணர்வு அதில்தான் வருகிறது. வெட்டியவர் அதைக் கொன்றுவிட்டார்.

கால்வாய்க்கரை

தூரிகை சார், டெல்ஃப்டில் வெர்மீர் இல்லை என்பது சரி. ஆனால் அவர் வரைந்த 'டெல்ஃப்ட் காட்சி' ஹேக்கில் இருக்கிறது, டெல்ஃப்ட் அங்கிருந்து ரயிலில் பதினைந்து நிமிடத்துக்குள். காலையில் மௌரிட்ஸ்ஹவுஸில் படத்தைப் பார்த்துவிட்டு மதியம் டெல்ஃப்டில் ஹோய்காடே என்ற துறைக்கரையில் போய் நிற்கலாம். அவர் வரைந்த திசை அதுதான். படத்தில் இருக்கும் இரண்டு நகர வாயில்களையும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் தண்ணீரின் வளைவு அப்படியே இருக்கிறது, புதிய தேவாலயத்தின் கோபுரமும் இருக்கிறது. அங்கே நின்றால்தான் ஒன்று புரியும்: கிட்டே இருக்கிற கரையை நிழலில் போட்டுவிட்டு, தூரத்துக் கோபுரத்துக்கு மட்டும் வெயில் கொடுத்திருக்கிறார். மேகம் நகர்கிற நாளில் இது உங்கள் கண்முன்னாலேயே நடக்கும். இந்த நாட்டில் மேகம் நகராத நாள் குறைவு.

'சின்னத் தெரு' படத்துக்கும் விலாசம் இருக்கிறது. 2015இல் ஒரு பேராசிரியர் கால்வாய் தூர்வாரும் வரிக்கான 1667ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு வீட்டின் அகலத்தையும் சந்தின் அகலத்தையும் படத்தோடு ஒப்பிட்டார். ஃப்ளாமிங்ஸ்ட்ராட் தெருவில் 40, 42ஆம் எண் இடம் பொருந்தியது. அங்கே குடியிருந்தவர் வெர்மீரின் அத்தை, விலங்குக் குடல் விற்றுப் பிழைத்தவர். எல்லோரும் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிப் பதிவேட்டை வைத்து ஓவியத்துக்கு விலாசம் தேடியதே எனக்குப் பிடித்திருக்கிறது.

சில்லறை

வெர்மீர் கணக்கு வழக்கு இன்னும் இருக்கிறது. மனிதருக்கு 11 பிள்ளைகள். 1672இல் பிரெஞ்சுப் படை புகுந்ததும் ஓவியச் சந்தை விழுந்தது, கடனோடு செத்துப்போனார். ரொட்டிக்கடையில் மட்டும் 600 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) மேல் பாக்கி. அவர் மனைவி அந்தக் கடனுக்கு ஈடாக இரண்டு படங்களை ரொட்டிக்காரரிடம் கொடுத்தார். முத்துத் தோடு அணிந்த பெண்ணின் படத்தை 1881இல் ஹேக் ஏலத்தில் ஒருவர் இரண்டு கில்டருக்கு எடுத்திருக்கிறார், கமிஷன் 30 காசு தனி. ஏலத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க.

ஈழத்தவள்_யூட்ரெக்ட்

வெண்ணிலா அக்கா, யூட்ரெக்டை ஒருத்தரும் சொல்லவில்லையே! நான் இங்கே இருக்கிறபடியால் சொல்லித்தான் ஆக வேண்டும். கொலோனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகிற ரயில் யூட்ரெக்டில் நிற்கும். பயணப்பையை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு இறங்கி ஒரு அரைநாள் பாருங்கோ.

இங்கே சென்ட்ரால் மியூசியத்தில் இருக்கிறது வேறு விதமான டச்சு ஓவியம். டெர் ப்ரூகன், ஹோன்ட்ஹோர்ஸ்ட், பாபூரன், மூன்று பேரும் ரோமுக்குப் போய் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் படங்களைக் கண்டு வந்தவர்கள். ஆட்கள் பெரிதாக, கிட்ட நிற்கிற மாதிரி, மெழுகுதிரி வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி வரைந்தார்கள். ரெம்ப்ராண்டின் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இவர்கள்தான் வழி போட்டுக் கொடுத்தவர்கள். ரைக்ஸ்மியூசியத்துக்கு முதல் இதைக் கண்டால் அங்கே போய் நல்ல வடிவாக விளங்கும்.

அண்ணாவுக்கு, அதுதான் உங்கள் கணவருக்கு, டோம் கோபுரம் இருக்கிறது, 112 மீட்டர். 1674இல் புயலில் தேவாலயத்தின் நடுப்பகுதி விழுந்துவிட்டது. கோபுரம் ஒரு பக்கம், மிச்சத் தேவாலயம் ஒரு பக்கம், நடுவில் இப்ப சதுக்கம். ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீடும் இங்கேதான். மாடிச் சுவர்களைத் தள்ளித் தள்ளி அறையை மாற்றலாம். பொறியாளர் என்றால் கட்டாயம் பிடிக்கும், முன்பதிவு வேண்டும்.

பழவேற்காட்டான்

எல்லோரும் வெளிச்சம், தூரிகை என்று பேசுகிறீர்கள். அந்த வீட்டுச் சுவர்களுக்குப் படம் வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் பேசலாமா?

மௌரிட்ஸ்ஹவுஸ் என்ற பெயரே யோஹான் மௌரிட்ஸ் என்பவருடையது. பிரேசிலில் இருந்த டச்சுக் குடியேற்றத்தை 1637 முதல் 1644 வரை ஆண்டவர். கரும்பு ஆலைகளுக்கு அடிமைகள் வேண்டும் என்று ஆப்பிரிக்கக் கரையில் எல்மினா கோட்டையைப் பிடிக்கக் கப்பல் அனுப்பியவர். 2017இல் அவருடைய மார்பளவுச் சிலையின் நகலை மியூசியம் தன் முன்கூடத்திலிருந்து எடுத்தது. அடுத்த வருடம் அதைப் பற்றி நாடு முழுக்கச் சண்டை, பிரதமர் வரைக்கும் கருத்துச் சொன்னார்.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஹெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரில் சிவப்பு ஏற்றி, கையால் பூ வரைந்த பருத்தித் துணி கப்பல் கப்பலாகப் போனது. ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்கள் அதில் வீட்டு அங்கி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் துணிகளின் நல்ல தொகுப்பு வடக்கே லேவார்டனில் ஃப்ரீஸ் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் துணி வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்று எப்போதும் வெளியில் வைக்க மாட்டார்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

ரெம்ப்ராண்டும் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார், 1650களின் கடைசியில், ஜப்பான் காகிதத்தில். இருபதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஷாஜகானை வரைந்திருக்கிறார். இந்தியாவுக்கு வராத மனிதர்.

தூரிகை

பழவேற்காட்டான், தெரிந்துகொள்ள வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் முன்னால் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் படம் போய்விடும். மௌரிட்ஸ்ஹவுஸில் இருக்கும் ஃபாப்ரிட்டியஸின் பொன்குருவி ஒரு நோட்டுப் புத்தகம் அளவுப் பலகை. ஒரு குருவி, சங்கிலி, சுவர். அங்கே சர்க்கரை வியாபாரத்தை எங்கே தேடுவீர்கள்?

பழவேற்காட்டான்

குருவியில் தேட மாட்டேன் சார். அது தொங்குகிற வீட்டில் தேடுவேன்.

ஈழத்தவள்_யூட்ரெக்ட்

இதில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ரைக்ஸ்மியூசியத்தில் முந்தி கண்டி அரசருடைய சின்னப் பீரங்கி ஒன்று இருந்தது. பொன், வெள்ளி, மாணிக்கக்கல் எல்லாம் பதித்தது. 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது எடுத்தது. 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருட்களோடு இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள், இப்ப கொழும்பு மியூசியத்தில். திருப்பி அனுப்பும் முன் அது எங்கிருந்து எப்படி வந்தது என்று இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தேடிப் பார்த்தவர்கள். படத்தை ரசிப்பதும் இதை விசாரிப்பதும் ஒரே மியூசியத்துக்குள் நடக்கத்தான் செய்கிறது.

நெறியாளர்

நல்ல பேச்சுதான். காலனிய வரலாற்றுக்குத் தனி இழை ஒன்று திறந்திருக்கிறேன், அங்கேயும் தொடருங்கள். இங்கே வெண்ணிலாவின் பயணத்தை விட்டுவிட வேண்டாம்.

வெண்ணிலா_கொலோன்

இல்லை, இதுவும் எனக்கு வேண்டும். மகள் கேட்பாள்.

அந்தப் பொன்குருவி பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன், அவள் பறவைகளாகவே வரைந்து தள்ளுகிறாள். அப்புறம், பெண் ஓவியர்கள் யாராவது உண்டா? எல்லாம் ஆண்கள் பெயராகவே வருகிறது என்று இப்போதே புகார்.

தூரிகை

குருவிப் படம் 1654. அதே வருடம் அக்டோபர் 12 அன்று டெல்ஃப்டில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஃபாப்ரிட்டியஸ் தன் வீட்டில் இருந்தார், அதில் இறந்தார், வயது முப்பத்திரண்டுதான். ரெம்ப்ராண்டிடம் படித்தவர். ஆனால் குருவைப் போல இருட்டுப் பின்னணி போடாமல் வெளிறிய சுவரின் முன் உருவத்தை நிறுத்தினார். கொஞ்ச காலம் கழித்து அதே ஊரில் வெர்மீர் செய்ததும் அதுதானே. மகளிடம் இறக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளை இழுத்த பின், ஈரம் காயும் முன்னே தூரிகையின் பின்முனையால் கீறியிருப்பார். இறகு ஒவ்வொன்றாக வரையவே இல்லை.

பெண்களில் முதலில் யூடித் லைஸ்டர். ஹார்லெம்காரர். 1633இல் ஓவியர் சங்கத்தில் முழு உறுப்பினர், தனக்கென மாணவர்களும் வைத்திருந்தார். இறந்த பிறகு பெயரே காணாமல் போனது. படங்களை எல்லாம் ஹால்ஸ் பெயரிலும் பிறர் பெயரிலும் விற்றார்கள். 1893இல் 'ஹால்ஸ்' என்று வாங்கிய ஒரு படத்தில் ஜே, எல் எழுத்துகளோடு ஒரு நட்சத்திரக் கையெழுத்து வெளிப்பட்டது, அதிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தேடி மீட்டார்கள். ரைக்ஸில் அவருடைய வீணை வாசிப்பவன் படம் இருக்கிறது (லூட் என்ற கருவி, வீணை என்றது என் வசதிக்கு). பூக்கள் பிடிக்குமென்றால் ராகெல் ரைஸ். பத்துப் பிள்ளைகள் பெற்றும் எண்பது வயது தாண்டியும் வரைந்துகொண்டிருந்தவர். அவர் பூங்கொத்துகளில் பூச்சிகளைத் தேடுவது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். ரைக்ஸ்மியூசியம் 2015இல் கேமராவை வைத்துவிட்டு வரையுங்கள் என்று இயக்கமே நடத்தியது. பேனா, வண்ணம் வேண்டாம்.

கால்வாய்க்கரை

லைஸ்டர் பேச்சு வந்ததால் மறுபடி ஹார்லெமுக்கே இழுக்கிறேன் :)

ஊரின் நடுவில் பெரிய தேவாலயம், புனித பாவோ. உள்ளே போனால் வெள்ளைச் சுவர், உயரமான தூண்கள், படம் என்று ஒன்றும் இல்லை. சான்ரெடாம் என்ற ஓவியர் வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட வெற்றுத் தேவாலயங்களையே வரைந்தார். முதலில் அளவெடுத்துக் கோட்டோவியம், சில சமயம் பல வருடம் கழித்து வண்ணம். அவருடைய பாவோ படத்தை ரைக்ஸில் பார்த்துவிட்டு உள்ளே நின்றால் தூண்களை எங்கே கொஞ்சம் நீட்டியிருக்கிறார் என்பது வரை தெரியும். வெண்ணிலா, உங்கள் பொறியாளர் இங்கே பெஞ்ச் தேட மாட்டார். ஹால்ஸின் கல்லறையும் இதற்குள்தான். 1738இல் முடித்த ஆர்கன் இருக்கிறது, பத்து வயது மொசார்ட் வந்து வாசித்தது.

இரண்டு தெரு தள்ளி டெய்லர்ஸ் மியூசியம், 1784இலிருந்து பொதுமக்களுக்காகத் திறந்திருக்கிறது, நாட்டிலேயே பழையது. பகல் வெளிச்சத்திலேயே பார்க்கும்படி கூரைக் கண்ணாடி வைத்துக் கட்டிய நீள்வட்டக் கூடம், ராட்சச மின்னேற்றி எந்திரம், புதைபடிவங்கள். மைக்கேலேஞ்சலோ, ரெம்ப்ராண்ட் கோட்டோவியங்களும் அவர்களிடம் உண்டு. கணவரை இங்கே விட்டுவிட்டு நீங்களும் மகளும் ஹால்ஸ் பார்க்கப் போகலாம்.

ஊருக்கு மேற்கே ஓவர்வேன், ப்ளூமென்டால் பக்கம் மணல்மேடுகள். ரைஸ்டால் அங்கிருந்துதான் ஹார்லெமைப் பல தடவை வரைந்தார். அதில் ஒன்று மௌரிட்ஸ்ஹவுஸில் இருக்கிறது. முக்கால்வாசி வானம்தான், கீழே வயலில் வெளுக்க விரித்த துணிப் பாளங்கள், அடிவானத்தில் குட்டியாகப் பாவோ. ஹார்லெம் அன்று துணி வெளுப்பில் பேர்போன ஊர். மேட்டில் ஏறினால் இன்றும் பாவோ தெரியும். துணிக்குப் பதில் வீடுகள்.

தூரிகை

சரி, பாவோவுக்கும் சான்ரெடாமுக்கும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே கட்டடமே படத்துக்குப் பொருள், நேரில் பார்ப்பதில் லாபம் உண்டு. டெல்ஃப்டுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெர்மீர் பெரும்பாலும் வரைந்தது ஒரு அறையின் இடப்பக்க ஜன்னலை. அந்த வீடு இன்று இல்லை. ஊரில் எதைப் பார்த்து அவரைப் புரிந்துகொள்வது?

கால்வாய்க்கரை

ஜன்னல் இல்லை, வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னால் கவிதை எழுதுகிறாய் என்பீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒரு தகவல் மட்டும்: டெல்ஃப்ட் பிரின்ஸன்ஹோஃப் மியூசியத்தைப் பெரிய புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருக்கிறார்கள். ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு வில்லியத்தை 1584இல் சுட்டுக் கொன்ற இடம், சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் உண்டு. திறந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

சில்லறை

மியூசியம் கார்டு பற்றி யாரும் சொல்லவில்லை. நெதர்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு வருடம் முழுவதும் செல்லும் அட்டை. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தற்காலிக அட்டைதான், 31 நாளில் ஐந்து மியூசியம். பெரியவர்கள் இரண்டு பேரும் ரைக்ஸ், மௌரிட்ஸ்ஹவுஸ், ஹால்ஸ், டெய்லர்ஸ், சென்ட்ரால் என்று ஐந்தையும் பார்ப்பதாக இருந்தால் லாபம். கணவர் காபிக்கடையிலேயே இருப்பார் என்றால் அவருக்கு வாங்காதீர்கள். அட்டை இருந்தாலும் நேரம் பதிவு வேண்டிய இடத்தில் பதிவு வேண்டும்.

ஈழத்தவள்_யூட்ரெக்ட்

ஆம்ஸ்டர்டாமில் கூட்டம் பிடிக்காவிட்டால் ஒரு இடம்: 'மாடத்துக் கர்த்தர்' என்று ஒரு வீடு, மத்திய நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வெளியில் பார்த்தால் சாதாரணக் கால்வாய்க்கரை வீடு. உள்ளே மேல்மாடிகளை உடைத்துச் சேர்த்து 1660களில் ஒரு முழுக் கத்தோலிக்கத் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். வெளிப்படையாகப் பூசை வைக்கத் தடை இருந்த காலம். யான் ஸ்டேன் படங்களில் வருகிற வீட்டு அறைகள் எப்படி இருந்திருக்கும் என்றும் அங்கே தெரியும். படிகள் செங்குத்து, வயதானவர்களுக்குச் சரிவராது.

வெண்ணிலா_கொலோன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மூவரும் உட்கார்ந்து பேசினோம். இப்படி வைத்திருக்கிறோம்:

போகும் வழியில் யூட்ரெக்டில் இறங்கி சென்ட்ரால் மியூசியம், கணவருக்காக ஷ்ரோடர் வீடு. அப்புறம் ஹார்லெமில் தங்கல். ஒரு நாள் ஹார்லெம் மட்டும். ரைக்ஸ்மியூசியத்துக்கு இரண்டு காலைகள், இடையில் ஒரு நாள் விட்டு. தூரிகை சார் சொன்ன ஏழெட்டுப் படங்கள். ஒரு நாள் ஹேக், மதியம் டெல்ஃப்ட் (சார், மன்னிக்கவும், கால்வாய்க்கரை ஜெயித்துவிட்டார்). வான்கோவைக் கடைசியில் வைத்திருக்கிறோம், ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அந்த வாரம் நல்ல நேரம் எதுவும் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

கால்வாய்க்கரை

உண்டு, உங்கள் வழியிலேயே. திரும்பும் ரயில் ஆர்னெம் வழியாகத்தான் போகும். அதற்குப் பக்கத்தில் ஹோகே வெலுவே தேசியப் பூங்கா, அதற்குள் க்ரோலர்-ம்யூலர் மியூசியம். ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய வான்கோ தொகுப்பு, ஏறக்குறைய 90 ஓவியங்கள். இரவில் காபிக்கடையின் வெளி முற்றத்தைக் காட்டும் படம் இங்கேதான், 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' படத்துக்கு முன்னோடியாக வரைந்த ஒன்றும் இருக்கிறது. பூங்கா வாசலில் வெள்ளை சைக்கிள்கள் வைத்திருப்பார்கள், இலவசம், குழந்தைகளுக்கும் அளவு உண்டு. காட்டுக்குள் ஓட்டிக்கொண்டே மியூசியத்துக்குப் போகலாம். பூங்காவுக்குத் தனி டிக்கெட், மியூசியத்துக்குத் தனி.

தூரிகை

இதற்கு முழு ஆதரவு. வெளியே சிற்பத் தோட்டமும் இருக்கிறது. கூட்டம் குறைவு, படத்தின் முன்னால் நிற்க விடுவார்கள். டெல்ஃப்டுக்கு வைத்த அரைநாளையும் இங்கே சேர்த்துவிடலாம் என்று கடைசியாக ஒரு முறை சொல்லி வைக்கிறேன்.

வெண்ணிலா_கொலோன்

சைக்கிள் என்றதும் கணவர் சரி சொல்லிவிட்டார். பெட்டிகளை என்ன செய்வது?

சில்லறை

ஆர்னெம் நிலையத்தில் லாக்கர் இருக்கிறது, அட்டையில் கட்டலாம். பெரிய பெட்டியோடு பேருந்தில் ஏறிப் பூங்காவுக்குப் போகாதீர்கள். இன்னொன்று, ஹார்லெம் நாளைத் திங்கட்கிழமையில் போட்டுவிடாதீர்கள், ஹால்ஸ் மூடியிருக்கும். மௌரிட்ஸ்ஹவுஸ் திங்களன்று மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும். ரைக்ஸ் எல்லா நாளும் திறப்பு, அதனால் திங்களை அதற்குக் கொடுங்கள்.